குதிரை தன் கால்வலியைச் சொல்லாமல் விட்ட கதை

குதிரைகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அவற்றுக்கு எசமான் என்று யாரும் கிடையாது. கீழே இருந்து உப்பும் துணியும் சுமந்துகொண்டு மலையூர்களுக்குப் போகும். அங்கிருந்து மிளகும் தேனும் சுமந்து வரும். போக மனமில்லாத அன்று, "இன்னைக்கு நான் வரலை, வேற யாரையாவது பாருங்க" என்று சொல்லிவிட்டு நிழலில் படுத்துக்கொள்ளும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மலைக்கு ஏறும் வழிக்கு ஊசிக் கணவாய் என்று பேர். அந்த வழி தொடங்குகிற இடத்தில் வீரணனின் பட்டறை இருந்தது. குதிரைகளுக்கு லாடம் கட்டுவது அவன் தொழில். கணவாய் முழுக்கக் கூர்மையான கல். லாடம் இல்லாத குளம்பு சீக்கிரம் பிளந்துவிடும். அதனால் மலையேறும் குதிரைகள் எல்லாம் அவனிடம்தான் வரும்.

குதிரை அவன் எதிரில் வந்து நின்று, முன்னங்காலை நீட்டி அவன் தொடைமேல் வைக்கும். வீரணன் குந்தியபடியே பழைய லாடத்தைக் கழற்றுவான். இடது கையால் குளம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அரத்தை இழுத்து, வளர்ந்த பகுதியைத் தேய்த்து எடுப்பான். பிறகு, "ஊன்றிப் பாரு. சமமா இருக்கா?" என்று கேட்பான். குதிரை காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, "உள்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, இன்னும் ரெண்டு இழுப்பு இழு" என்றோ, "முனை நீளமா இருக்கு, குறை" என்றோ சொல்லும். அவன் செய்வான். சரியாக இருக்கிறது என்று அது சொன்ன பிறகுதான் லாடத்தை வைத்து ஆணி அடிப்பான். குளம்பை எட்ட நின்று பார்ப்பதோ, குதிரையை நடக்கவிட்டுப் பார்ப்பதோ அவனுக்குப் பழக்கமில்லை. வாய் உள்ளவரிடம் கேட்டால் போதாதா?

ஒரு கோடையில், வண்டியிலிருந்து இறக்கும்போது பட்டறைக்கல் சரிந்து வீரணனின் வலது மணிக்கட்டில் விழுந்தது. அவன் மனைவி பூவாயி அந்த வட்டாரத்துக்கே பிரசவம் பார்க்கிறவள். எலும்பு கட்டவும் தெரியும். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். எலும்பு கூடியது, ஆனால் கொஞ்சம் திரும்பிக் கூடியது. வலி போய்விட்டதால் வீரணனுக்கு அது தெரியவில்லை. அரத்தை நேராகப் பிடித்திருப்பதாக அவன் நினைப்பான். அரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

கை குணமானதும் முதலில் வந்தது செவலையன் என்ற ஆண்குதிரை. நல்ல உழைப்பாளி, ஆனால் நாக்கில் இரக்கம் கிடையாது. காலை ஊன்றிப் பார்த்தான்.

"ஒரு பக்கம் தூக்கி நிக்குது."

வீரணன் இழுத்தான். "இப்ப?"

"இன்னும் மோசம்."

மறுபடி இழுத்தான். செவலையன் காலை உதறினான்.

"உன் கை கோணிப்போச்சு வீரணா. உனக்கே தெரியலையா? இனிமே நீ கொழு அடி, அரிவாள் அடி. எங்க காலைத் தொடாதே."

அவன் மற்ற குதிரைகளிடமும் அதையே சொன்னான். எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வேறொரு லாடக்காரனிடம் போகத் தொடங்கின. வீரணன் பட்டறையில் உலை அணைந்தது. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பூவாயி சோற்றைக் கொண்டுவந்து வைப்பாள். ஈ மொய்த்த பிறகு எடுத்துக்கொண்டு போவாள். "ஒரு வாய் சாப்பிடுங்க" என்பாள். அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

இதையெல்லாம் சாம்பி பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறப் பெண்குதிரை. குட்டியாக இருந்தபோதே தாயைக் காட்டாற்று வெள்ளத்துக்குக் கொடுத்தவள். பூவாயிதான் கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் நனைத்து ஊட்டி அவளைப் பிழைக்க வைத்தாள். சாம்பி அவளை மதினி என்றும் வீரணனை அண்ணே என்றும் கூப்பிடுவாள்.

ஒரு நாள் காலையில் சாம்பி பட்டறைக்குள் தானாக வந்து நின்றாள்.

"அண்ணே, லாடம் தேஞ்சு போச்சு. கட்டி விடு."

"அக்கரைக்குப் போ சாம்பி."

"அவன் கையெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. நீதான் கட்டணும்."

வீரணன் எழுந்தான். உலையை மூட்டினான். அரம் இழுத்தான். "சமமா இருக்கா?" என்று கேட்டான்.

சாம்பி வலது முன்னங்காலை ஊன்றிப் பார்த்தாள். வெளிப்பக்கம் உயரமாக இருந்தது. நன்றாகத் தெரிந்தது. அவள் நிமிர்ந்து வீரணன் முகத்தைப் பார்த்தாள்.

"சமமா இருக்கு அண்ணே. முன்ன இருந்த மாதிரியே இருக்கு."

அன்று மத்தியானம் வீரணன் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பூவாயி அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாம்பிக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் லாடம் தேயும், குளம்பு வளரும், மறுபடி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் கேட்டான், ஒவ்வொரு முறையும் அவள் அதையே சொன்னாள். மெல்ல மெல்ல அந்தக் குளம்பின் வடிவமே மாறியது. பாரம் முழுவதையும் தாங்கிய வெளிப்பக்கம் செங்குத்தாக நின்றது. உள்பக்கம் ஊமத்தம்பூ மாதிரி வெளியே விரிந்தது. கழற்றிய லாடத்தை யாராவது கையில் எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு ஓரம் தகடாகத் தேய்ந்து, மறு ஓரம் புதிதாக இருப்பது தெரிந்திருக்கும். வீரணன் அதைப் பார்க்காமலே உலையில் போட்டுக் காய்ச்சி வேறு சாமானாக அடித்தான். அதற்குள் சாம்பிக்குக் கணுவில் வலி தொடங்கியிருந்தது. மேய்ச்சலில் தனியாக இருக்கும்போது மட்டும் நொண்டினாள். பட்டறைப் பக்கம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேல்முடி என்ற மலையூரிலிருந்து மாசானன் என்பவன் நனைந்துகொண்டே ஓடிவந்தான். பட்டறை வாசலில் வந்து மூச்சு வாங்க நின்றான்.

"அக்கா, என் வீட்டுக்காரி நாச்சிக்கு வலி எடுத்திருச்சு. பிள்ளை குறுக்கே கிடக்குதுன்னு சொல்றாங்க. நீங்க வந்தாத்தான் ஆச்சு."

பூவாயி மருந்துப் பையை எடுத்தாள். சாம்பி முன்னால் வந்து நின்றாள்.

"ஏறு மதினி, நான் கூட்டிட்டுப் போறேன்."

"மழைப் பாதை சாம்பி. கால் நல்லா இருக்கா?" என்று பூவாயி கேட்டாள்.

வீரணன் பக்கத்திலேயே நின்றிருந்தான். போன மாதம்தான் அவளுக்கு லாடம் மாற்றிக் கட்டியிருந்தான். இப்போதாவது சொல்லலாம் என்று சாம்பிக்கு நாக்கு நுனி வரை வந்தது. வீரணனோ அவள் பதில் சொல்லும் முன்பே சிரித்துக்கொண்டு, அவள் கழுத்தைத் தட்டினான்.

"நல்லா இருக்கு மதினி," என்றாள் சாம்பி.

மாசானன் செங்குத்தான குறுக்குவழியில் தாவி ஏறி, பூவாயி வருகிற செய்தியைச் சொல்ல முன்னால் போய்விட்டான். குதிரைப் பாதை சுற்றுவழி. பாதி மலை ஏறியதும் ஒரு வளைவு. அங்கே பாறை மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சாம்பி வலது காலை வைத்தாள். குளம்பின் வெளி ஓரம் முதலில் பட்டது. பிறகு குளம்பு உள்பக்கமாகப் புரண்டது. கால் வழுக்கி முழங்கால் மடிந்து அவள் விழுந்தாள். பூவாயி பக்கத்துப் புதரில் போய் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் சாம்பியின் லாடம் பாதி பெயர்ந்து திரும்பி, ஆணி ஒன்று உயிர்ச்சதைக்குள் ஏறியிருந்தது.

பூவாயி கல்லால் நெம்பி லாடத்தை எடுத்துப் பையில் போட்டாள். குளம்பை மடியில் வைத்தபடி அதைப் பார்த்தாள். கோணல் அவளுக்கும் தெரிந்தது.

"மதினி," என்றாள் சாம்பி. "இது இன்னைக்கு ஆனதில்லை. ரொம்ப நாளாவே சமமா இல்லை. நான்தான் சொல்லலை."

பூவாயி குளம்பை மெல்லக் கீழே இறக்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அங்கே ஒருத்தி வலியில கிடக்கா. நான் நடக்கிறேன். நீ மெதுவா வா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த மழையில் அவள் ஏறினாள். சாம்பி மூன்று காலால் நொண்டி நொண்டிப் பின்னால் போனாள். பூவாயி மேல்முடி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாம்பி அதற்கும் பிறகு வந்தாள். வேலி ஓரம் நின்று காதைத் தூக்கிக் கேட்டாள். நாச்சியின் முனகல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பிள்ளையின் அழுகை கேட்கவில்லை.

பூவாயி வெளியே வந்து தாழ்வாரத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள்.

"தாய் பிழைச்சிட்டா," என்றாள். "பொம்பளைப் பிள்ளை. தங்கலை."

இன்னும் முன்னால் வந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. மாசானன் அழுதுகொண்டே அந்தச் சின்ன உடலைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான். மறுநாள் காலை வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, மஞ்சளும் வேப்பிலையும் கலந்து, சாம்பியின் காயத்தைக் கழுவினான். "பாவம், இந்த மழையில எங்களுக்காக வந்து காலைக் கெடுத்துக்கிட்டியே" என்றான். சாம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மழை வெறித்த பிறகு இருவரும் மெல்ல இறங்கினார்கள். பட்டறைக்கு முன்னால் நீண்ட சமதரை. வீரணன் வாசலில் நின்று அவர்கள் வருவதைத் தூரத்திலேயே பார்த்தான். முதல்முறையாக அவன் ஒரு குதிரையிடம் எதையும் கேட்காமல் அதன் நடையைப் பார்த்தான். வலது கால் தரையில் படும்போதெல்லாம் சாம்பியின் தலை மேலே எழுந்தது. அருகில் வர வர, வெளி ஓரம் முதலில் பட்டு உள்பக்கம் பிறகு இறங்குவதும் தெரிந்தது. அவன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். பூவாயி மலையில் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் சாம்பியின் பக்கம் திரும்பினான்.

"எத்தனை நாளா சாம்பி?"

"செவலையன் போனதிலிருந்து."

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனே. ஏன் சொல்லலை?"

"உலை அணைஞ்சு கிடந்துச்சு அண்ணே."

வீரணனுக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் கிடந்த அரத்தைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் பட்டு விழுந்தது. "நான் சோறு தின்னணும்னு நீ காலைக் கெடுத்துக்கிட்டே. என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினே. அங்கே ஒரு பிள்ளை..." 

சாம்பி தலையைத் தாழ்த்தி நின்றாள். பிறகு சொன்னாள்.

"நீ இனிமேலும் கேட்டா, நான் இனிமேலும் உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவேன். எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது. அதனால நான் பேசுறதை விட்டுடுறேன் அண்ணே. நீ கேட்காதே. என்னை நடக்கவிட்டுப் பாரு. என் காலு உன் மேல பிரியம் வச்சது இல்லை, அது உள்ளபடி காட்டும்."

அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

வீரணன் அவளைச் சமதரையில் அந்தக் கோடி வரை நடக்கவிட்டான். திரும்பி வரச் செய்தான். முன்னால் நின்று பார்த்தான், பின்னால் நின்று பார்த்தான். பக்கவாட்டில் குந்தி, குளம்பின் சரிவும் கணுவின் சரிவும் ஒரே கோடாக இறங்குகிறதா என்று பார்த்தான். மலையிலிருந்து பூவாயி கொண்டுவந்த அந்த லாடத்தை விரலால் தடவி, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தான். பிறகு எதிரில் உட்காராமல், சாம்பியின் வாலைப் பார்த்துத் திரும்பி நின்று குனிந்தான். அவள் தானாகவே காலைத் தூக்கினாள். குளம்பைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டான். இப்போது இரண்டு கையும் மிச்சம் இருந்தன. அரத்தின் இரு முனையையும் இரு கையால் பிடித்தான். கோணல் கை சாய்த்த அரத்தை நல்ல கை நேராக நிறுத்தியது. கொஞ்சம் இழுத்தான், மறுபடி நடக்கவிட்டான், மறுபடி பார்த்தான்.

கெட்ட குளம்பு ஒரே நாளில் நேராகிவிடாது. புதிய குளம்பு மேலிருந்து வளர்ந்து கீழே இறங்கி வர வேண்டும். அடுத்த கோடை கழிந்து மறுபடி மழை வரும்போதுதான் சாம்பி தரையில் தட்டையாகக் கால் வைத்தாள். அப்போது வீரணன் பழக்கத்தில், "சமமா இருக்கா?" என்று கேட்டுவிட்டான். சாம்பி அவன் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, பேசாமல் நின்றாள்.

சேதி மலை முழுதும் பரவியது. ஒவ்வொரு குதிரையாக அவனிடம் திரும்பி வந்தது. சாம்பி பேசாமல் நிற்கும் இடத்தில் தாங்கள் பேசக் கூச்சப்பட்டு அவையும் வாயை மூடிக்கொண்டன. கடைசியாக வந்த செவலையன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, சமதரையில் போய் நடந்து காட்டினான்.

அந்த மழைக்காலத்திலிருந்துதான் எந்தக் குதிரையும் தன் கால்வலியை வாயால் சொல்வதில்லை. லாடம் கட்டுகிறவரும் அதனிடம் எதுவும் கேட்பதில்லை. நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி நின்று குனிகிறார். குதிரை காலைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் நிற்கிறது.