மூன்றாவது சிலிண்டர்

“மூணாவது சிலிண்டர் மட்டும் வழிக்கு வர மாட்டேங்குதுங்க மாஸ்டர்.”

கனகராஜ் இப்படிப் புலம்பியபோது ஆறுச்சாமி வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். படுத்தபடியே கேட்டார்.

“மத்தது?”

“மத்த மூணுலயும் பிரஷர் நூத்தம்பதை ஒட்டி நிக்குது. இது தொண்ணூறைத் தாண்டல.”

“உள்ள எண்ணெய் விட்டுப் பாருங்ணா.”

ஆறுச்சாமி குரு. கனகராஜ் சீடர். வயதில் சீடர்தான் மூத்தவர். மில்லை மூடிய பிறகு, தலை நரைத்த காலத்தில் ஸ்பானர் பிடிக்க வந்தவர். அதனால் ஆறுச்சாமி திட்டுவதாக இருந்தாலும் ‘அண்ணா’ போட்டுத்தான் திட்டுவார்.

அன்று பட்டறையில் நின்றது கனகராஜின் சொந்தக் கார். அவர் வாங்கும்போதே அது பழசு.

அவர் மனைவி மயிலாத்தாவுக்கு ரத்தத்தில் நோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் கைவிரித்துவிட்டார். ரொம்பவும் துவண்டு போகும்போது ரத்தம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்தக் காரில் உட்கார்ந்து போய் ஆழியாறு அணையை ஒருதரம் பார்க்க வேண்டும்.

“வாடகைக் காரு பேசட்டுமா?” என்று மகள் கேட்டாள்.

“வேண்டாங் கண்ணு. வாடகைக் காருன்னாலே ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்குது.”

அவ்வளவுதான். எஞ்சினைப் புத்தம் புதுசாக்கி, ஒரு குலுங்கல் இல்லாமல் அவளைக் கூட்டிப்போவது என்று கனகராஜ் ஒற்றைக்காலில் நின்றார்.

பிளக்கைக் கழற்றிய துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டார். பிரஷர் பார்க்கும் கேஜை மாட்டினார். ஆக்ஸிலேட்டர் மேல் செங்கல்லை வைத்து, சாவியைத் திருகி செல்ஃப் அடித்தார்.

முள் ஏறியிருந்தது.

இன்னும் கொஞ்சம் விட்டார். இன்னும் ஏறியது. மனுஷனுக்கு ஆசை யாரை விட்டது? மறுபடியும் விட்டார்.

“வந்துருச்சுங்க மாஸ்டர்! நாலும் இப்ப ஒண்ணா நிக்குது!”

ஆறுச்சாமி வெளியே வந்தார். கேஜைப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

“எத்தனை தரம் விட்டீங்க?”

“முள்ளு ஏற ஏற விட்டனுங்க.”

ஆறுச்சாமி கேஜைக் கழற்றித் துளையைத் திறந்துவிட்டார்.

“இப்ப அடிங்க.”

கனகராஜ் செல்ஃப் அடித்தார். உள்ளே இருந்த எண்ணெயெல்லாம் பீய்ச்சிக்கொண்டு வந்து ஆறுச்சாமியின் சட்டையை நனைத்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. போதும் என்று தோன்றும்வரை ஓடவிட்டு, மறுபடி கேஜை மாட்டினார்.

“அடிங்க.”

முள் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

கனகராஜ் கேஜைத் தட்டிப் பார்த்தார். “ஏறுச்சுங்களே மாஸ்டர்?”

“ஏறுனது எண்ணெய் சந்தை அடைச்சதாலங்ணா. பிஸ்டன் ரிங் தேஞ்சு கெடக்குது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் எண்ணெய் விடறது. அது மருந்து இல்லீங்க.”

“அப்பப் பிரிச்சுப் புது ரிங் போட்டரலாமுங்க.”

“பழைய எஞ்சினு. பிரிச்சா ஒவ்வொண்ணாக் கோளாறு வரும். சாமான் தேடி எடுத்து மாட்ட மாசக்கணக்காயிரும்.”

கனகராஜ் பதில் சொல்லும் முன் செல்போன் அடித்தது. மகள்.

“அப்பா! அம்மா எந்திரிச்சு உக்காந்திருக்குது! நேத்து ரத்தம் ஏத்துனதுல மூஞ்சியே தெளிஞ்சிருச்சு. ரெண்டு இட்லி தின்னுச்சுப்பா. தலை சீவி விடுங்குது.”

கனகராஜ் சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்தார். எத்தனையோ நாளாக அந்த முகத்தில் சிரிப்பே இல்லை.

“கேட்டீங்களா மாஸ்டர்? தேறிட்டா! மாசக்கணக்கானா ஆகட்டுமுங்க. எஞ்சினை இறக்கிருங்க. நிதானமா, பக்காவாப் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்.”



ஆறுச்சாமி எண்ணெய்க் கேனை எடுத்துவந்து கனகராஜின் கையில் கொடுத்தார். பிறகு குனிந்து, தரையில் கிடந்த பிளக்குகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

கனகராஜ் கேனைப் பார்த்தார். ஆறுச்சாமியின் நனைந்த சட்டையைப் பார்த்தார். தொண்ணூறுக்குப் பக்கத்தில் நின்ற முள்ளைப் பார்த்தார்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அப்படியே பம்பரின் மேல் உட்கார்ந்துவிட்டார். போனில் மகள் “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கனகராஜ் ஆறுச்சாமியை நிமிர்ந்து பார்த்தார்.

“மாஸ்டர். இப்படியே ஓடுமுங்களா?”

“ஓடும். குலுங்கும், புகையும். மேடு ஏறாது.” ஆறுச்சாமி முதல் பிளக்கை மாட்டி முறுக்கினார். “அணை வரைக்கும் பெரிய மேடு இல்லீங்ணா.”

கனகராஜ் எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

“கண்ணு, அம்மாளுக்குத் தலை சீவி விடு. பூவும் வச்சு விடு. வந்துட்டே இருக்கேன்.”