கவிழ்த்த பாத்திரமும் ஏழாம் நாள் சோறும்

பதில் சுலபம் என்று நினைப்பவர்களும் கடைசியில் கொஞ்சம் தடுமாறும் கதை இது. அவசரப்படாமல் கேளுங்கள்.

பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையில் ஓர் ஊர். ராணுவம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். கேள்வி கேட்டவர்கள் காணாமல் போனார்கள். அதைக் கண்டித்துப் புத்த பிக்குகள் வெறுங்காலோடு வீதியில் இறங்கி, எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று ஓதிக்கொண்டே நடந்தார்கள். கையில் ஒரு குச்சிகூட இல்லை. அவர்களையும் ராணுவம் அடித்து இழுத்துப்போனது. அப்போதுதான் பிக்குகளின் சங்கம் கூடி, பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்ப்பது என்று முடிவெடுத்தது. படையினரிடமும் அவர்கள் வீட்டாரிடமும் இனி ஒரு பருக்கை வாங்குவதில்லை.

சோறு வாங்காவிட்டால் வாங்காதவருக்குத்தானே பட்டினி என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அப்படியில்லை. பிக்குவுக்குச் சோறு இட்டால்தான் இட்டவருக்குப் புண்ணியம். பாத்திரம் கவிழ்ந்துவிட்டால் மறுமைக்கான கதவையே சாத்தியது மாதிரி. பீரங்கி வைத்திருந்தவர்கள் ஒரு வெறும் பாத்திரத்துக்குப் பயந்தார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

படகுத்துறையில் மீன்குழம்பும் அரிசிச் சேமியாவும் விற்றுப் பிழைத்தவள் நுவே யின். அவள் மகன் லின் தெட்டைப் பதினேழு வயதில் ரயில் நிலையத்தில் வைத்துப் பிடித்துப் படையில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, பாலத்தருகே பிக்குகளை ராணுவம் மறித்த அன்று, அவன் செத்துப்போனான். கலகக்காரன் எறிந்த கல் பட்டது என்று ராணுவம் சொன்னது. கூட இருந்த சிப்பாய் ஒருவன் சாப்பிட வந்தவன் மாதிரி கடைக்கு வந்து, குனிந்த தலை நிமிராமல் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனான். சுடச் சொன்னபோது லின் தெட் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, பிக்குகளைப் பார்த்துக் கைகூப்பினானாம். பின்னால் நின்ற அதிகாரி அவனைச் சுட்டுவிட்டாராம்.

இறந்தவரின் உயிர் ஏழு நாள் வீட்டைச் சுற்றியே இருக்கும் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறிட்டு, அந்தப் புண்ணியத்தை இறந்தவர் பெயருக்குக் கொடுத்தால்தான் அது வழி தெரிந்து போகும். இல்லாவிட்டால் அலைய வேண்டியதுதான். நுவே யின் வீட்டுக் கதவைச் சாத்தவே இல்லை. மகன் போய்ச் சேர வேண்டும், அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அவள் சிப்பாயைப் பெற்றவள். அவள் சோற்றுக்கு எந்தப் பாத்திரம் நிமிரும்?

ஆறாம் நாள் ஒரு கேப்டன் வந்தான். பேச்சில் தேன் ஒழுகியது. வீரனின் வீட்டில் தானம் நடக்க வேண்டும், தொலைக்காட்சிக்காரர்களை நானே அழைத்து வருகிறேன் என்றான். ஒரே ஒரு பிக்கு வாங்கினாலும், பாத்திரம் நிமிர்ந்துவிட்டது என்று நாடு முழுக்கக் காட்டிவிடலாம் என்பது அவன் எண்ணம். புறப்படும்போது, நர்ஸ் படிப்பு படிக்கும் அவள் மகள் ஏ ம்யட்டைப் பார்த்து, படிப்பு நல்லபடியாக முடிய வேண்டுமில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனான். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

மறுநாள் காலை பிக்குகள் வரிசையாக வந்தார்கள். அது சிப்பாய் வீடு என்பதால் அத்தனை பாத்திரமும் கவிழ்ந்திருந்தது. தெருவின் இருபுறமும் ஜனங்கள் மண்டியிட்டிருந்தார்கள். நூறு பேர் நடந்தும் காலடிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நுவே யின் சோற்றுப் பானையோடு வாசலில் நின்றாள். பக்கத்தில் மகள், எதிரே கேமரா.

முதலில் வந்தவர் பிக்கு சாசனர். பாலத்தருகே வாங்கிய அடியில் தலையில் கட்டுப் போட்டிருந்தார். அவள் முன்னால் நின்றார், கண் கலங்கினார். சங்கம் எடுத்த முடிவைத் தனியொருவர் தளர்த்த முடியாது என்று மெல்லச் சொல்லிவிட்டு, கவிழ்த்த பாத்திரத்தோடு நடந்துவிட்டார்.

அடுத்தவர் பிக்கு நந்தியர். குண்டு பட்டு விழுந்த லின் தெட்டின் தலையை மடியில் தாங்கியவர் அவர்தான். கைகூப்பிய பிறகு அந்தப் பையன் படையைச் சேர்ந்தவன் இல்லை, அவனைப் பெற்றவளுக்கு விலக்கு ஏது என்பது அவருடைய நியாயம். பாத்திரத்தை நிமிர்த்தி நீட்டினார். கேமரா நெருங்கி வந்தது.

நுவே யின் அகப்பையில் சோற்றை எடுத்துவிட்டாள். பாத்திரத்துக்கும் அகப்பைக்கும் ஒரு சாண் இருக்கும். மகனுக்காக அவள் ஆறு நாள் காத்திருந்தது இதற்குத்தான். திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் பானையின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் சாமி," என்றாள் நுவே யின். "எம் புள்ள கல்லடி பட்டுச் சாகல. துப்பாக்கியக் கீழ வச்சிட்டு உங்களக் கும்பிட்டான். அதுக்கு அவன் ஆளுங்களே சுட்டுட்டாங்க. இந்தச் சோத்த நீங்க வாங்கினா அவன் கும்பிட்டது வீணாப் போயிடும். பாத்திரத்தக் கவுத்துக்குங்க."

சோற்றைப் பானையிலேயே போட்டாள். மகள் மூடினாள். கேமராவை அணைக்கச் சொல்லி கேப்டன் கத்தினான். அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிக்குகளை நோக்கி மண்டியிட்டிருந்த ஜனங்கள் அத்தனை பேரும் அந்த மீன்குழம்புக்காரியின் பக்கம் திரும்பி, நெற்றியைத் தரையில் வைத்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாங்காமல் நடந்த சாசனர், வாங்குவதற்கு நிமிர்த்திய நந்தியர், இடாமல் மூடிய தாய், இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் பதில் இது. இரண்டு பிக்குகளையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சாசனர் சங்கத்தின் முடிவைக் காத்தபோது, அதற்காக அலைய வேண்டியிருந்தது இன்னொருத்தி பெற்ற மகன். நந்தியரின் இரக்கம் பலித்திருந்தால், அடிபட்ட அத்தனை பிக்குகளின் வலியும் ஒரு படத்தோடு பொய்யாகியிருக்கும். தன்னுடையதை எடுத்துக் கொடுத்தவள் நுவே யின்தான், அவளோடு, படிப்பு போனாலும் போகட்டும் என்று மூடியை எடுத்த மகளும். ஆகவே தாய் செய்ததே சரி. அப்படியானால் லின் தெட்டின் உயிர் வழி தெரியாமல் அலைந்திருக்குமே என்பீர்கள். கையில் இருப்பதிலேயே பெரியதைக் கொடுப்பதுதான் தானம் என்றால், அன்று அந்தத் தெருவில் தானம் செய்தது அவள்தான். அந்தப் புண்ணியம் அவள் மகனுக்குப் போகாமல் வேறு யாருக்குப் போகும்?