பவுனு போட்ட கடுவன்

புரட்டாசி எட்டாம் தேதி, விடிகாலை ஐந்து மணி. குட்டிகள் ஐந்து. தாய் நாயின் பெயர் பவுனு.

பூவலிங்கம் குட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். நான்கு பொட்டை. ஐந்தாவது கடுவன். அதை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஊரில் காலனிக்காரர்கள் நாய் வளர்க்கலாம். கடுவன் வளர்க்கக் கூடாது. ஊர்த்தெருப் பொட்டை நாயோடு காலனிக் கடுவன் சேர்ந்துவிடக் கூடாது என்பது கட்டுப்பாடு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதவேண்டிய தேவையும் வந்ததில்லை. கடுவன் பிறந்தால், கண் திறப்பதற்குள் சாக்கில் போட்டுக் கண்மாய்க்குக் கொண்டுபோய்விடுவார்கள். பூவலிங்கமும் கொண்டுபோயிருக்கிறார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. எத்தனை முறை என்று அவருக்கே நினைவில்லை.

இந்த முறை கால் கண்மாய்ப் பக்கம் போகவில்லை. சாமியம்மாவின் குடிசைக்குப் போயிற்று.

சாமியம்மா எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே புறம்போக்கில் குடிசை போட்டு ஆறு வருடமாக இருக்கிறார். பூவலிங்கத்தைவிடப் பத்து வயது இளையவர். இரண்டு பக்கத்துக்காரர்களும் அவர் பேச்சைக் கேட்க வருவார்கள், வேறு வேறு நேரத்தில். பூவலிங்கம் மட்டும் தினமும் வந்தார். விறகு பிளந்து, தண்ணீர் எடுத்து, சீடராகவே ஆகிவிட்டார்.

"இதை என்ன செய்யட்டும்மா?"

"வழக்கமா என்ன செய்வீங்க?"

சொன்னார்.

"அப்ப எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?"

"அதுதாம்மா தெரியல."

சாமியம்மா கையை நீட்டிக் குட்டியை வாங்கிக்கொண்டார். "பவுனையும் மத்ததையும் கூடையில வச்சுக் கொண்டாங்க. பால் வேணும்ல."

பால் மறந்ததும் பொட்டைக் குட்டிகள் நான்கும் காலனியில் நான்கு வீடுகளுக்குப் போயின. பவுனும் கடுவனும் குடிசையிலேயே இருந்தன.

ஐப்பசித் தேய்பிறை அஷ்டமியன்று ஊர்த்தலைவர் சங்கிலிராசு வைரவர் கோயிலில் பூசை முடித்துக் குடிசை வழியாக வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் வடைமாலைப் பிரசாதம், பின்னால் இரண்டு பேர். குட்டி ஓடிப்போய் அவர் காலை முகர்ந்தது.

"அடடே, வைரவரு வாகனம் எதிர்லயே வந்துருச்சே!" குனிந்து ஒரு வடையைப் பிய்த்துக் கையாலேயே ஊட்டினார். குட்டி விரலையும் சேர்த்து நக்கியது. "கடுவன்டா! காதைப் பாருங்க, என்னமா நிக்குது! யாரு வீட்டுக் குட்டி சாமியம்மா? நான் கொண்டுபோயிடறேன்."

"பவுனு போட்டது."

"எந்தப் பவுனு?"

விறகு பிளந்துகொண்டிருந்த பூவலிங்கம் கோடரியைக் கீழே வைத்தார். "நம்ம நாய்தாங்கய்யா."

சங்கிலிராசு விரலை வேட்டியில் துடைத்தார். பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

"ஏன்டா, கட்டுப்பாடு என்னன்னு உனக்குத் தெரியாது? பல்லு விழுகிற வயசுல புத்தியும் விழுந்துருச்சா?"

"தெரியும்ங்கய்யா."

"குட்டியை வச்சிருக்கிறது நான்" என்றார் சாமியம்மா. "ஒரு சந்தேகம், கேக்கலாமா?"

"கேளுங்க."

"காலனியில கடுவன் உண்டா?"

"ஒண்ணு கிடையாது. எங்க தாத்தா காலத்துலருந்து கிடையாது. நான் இருக்கிற வரைக்கும் இருக்காது."

"வெளியூர் நாய் ஏதும் வந்து போகுமோ?"

"நம்ம தெரு நாய்ங்களைத் தாண்டியா? கடிச்சுக் குதறிப்புடும்ல!"

"அப்ப இதுக்குத் தகப்பன் யாரு?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டான். சங்கிலிராசு சாமியம்மாவைப் பார்க்கவில்லை. பூவலிங்கத்தைப் பார்த்தார், கண்ணை எடுக்காமல். பிறகு நடந்தார்.

அன்று பொழுதெல்லாம் பூவலிங்கத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தகப்பன் யாரு?" என்று விறகுக்கட்டையிடம் கேட்டுவிட்டு ஒரு போடு போட்டார். தண்ணீர்க் குடத்திடமும் கேட்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "சும்மா கிடங்க" என்றாள்.

மறுநாள் காலை பவுனும் கடுவனும் குடிசை வாசலில் விறைத்துக் கிடந்தன. இரண்டின் வாயிலும் நுரை. பக்கத்தில் கிடந்த கறித்துண்டில் பூச்சிமருந்து வாடை அடித்தது.

பூவலிங்கம் ஒரே குழியாக வெட்டினார். இரண்டையும் கிடத்தினார். சாமியம்மா கையால் மண்ணைத் தள்ளினார்.

"நீங்க கேட்டது நியாயந்தானேம்மா?"

"நியாயந்தான்."

"கோபம்னா என்னை அடிச்சிருக்கலாம். நான் வாங்காத அடியா? உங்களை வைதிருக்கலாம். பதில் தெரியலன்னா, தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். அதுக்காக வாயில்லாத சீவனை இப்படியா செய்வாங்க?"

சாமியம்மா கடைசிப் பிடி மண்ணையும் போட்டார்.

"பதில் தெரியாதவங்க செய்யற காரியம் இல்லைங்க இது. தெரிஞ்சவங்க செய்யறது."

பூவலிங்கம் மண்வெட்டியால் மண்ணைத் தட்டி இறுக்கினார்.

கார்த்திகை பன்னிரண்டாம் தேதி ஊர்க்கூட்டம் நடந்தது. இனிமேல் காலனியில் பொட்டை நாயும் வளர்க்கக் கூடாது என்று முடிவாயிற்று.