கையில் கொடுத்த கத்தி

அந்தச் சின்ன மடத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சவரம். ஒருவருக்கு மற்றவர் செய்துவிடுவது அங்கே வழக்கம். பேச்சும் கேலியுமாகப் பொழுது போகும்.

செவ்வந்தியப்பர் மட்டும் தனியே குளத்தங்கரைக்குப் போய்விடுவார். மடத்தில் அவர்தான் வயசில் மூத்தவர், குருவே அவருக்கு இளையவர். கையில் அவருடைய அப்பாவின் மடக்குச் சவரக் கத்தி இருக்கும்.

அது வந்த கதை ஒன்றும் பெரிசில்லை. அப்பாவும் பிள்ளையும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சாவுச் செய்தி கிடைத்து இவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அத்தை பெட்டியிலிருந்து கத்தியை எடுத்து, தரையில் வைத்தாள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வருமாம். சண்டை போட வேண்டிய ஆள்தான் போய்ச் சேர்ந்துவிட்டாரே! இவர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரே பிடிவாதம், இந்தக் கத்தியால்தான், தன் கையால்தான் என்று. தோல்வாரில் தீட்டிவிட்டால் முன்கை மயிர் தொட்டதும் உதிரும். தாடைக்கும் கழுத்துக்கும் வந்தால் மட்டும் ரத்தம். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தாலே அவருக்கு எரிச்சல் வரும். அப்பா சாகும்போதுகூட எட்டிப் பார்க்காத முகம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி இழுப்பார். ரத்தம் நிற்கத் தேய்த்துத் தேய்த்தே படிகாரம் கரைந்துகொண்டு போனது. என்ன ஆச்சு என்று கேட்கவும் குளத்தங்கரையில் நாதியில்லை.

ஒரு பௌர்ணமியன்று குரு அங்கே வந்தார். செவ்வந்தியப்பர் மனசிலிருந்ததைக் கேட்டேவிட்டார்.

"சாமி, அப்பாவுக்கு என்மேல இன்னும் கோபம் தீரலையோ? அவர் கத்தி என்னை ஏத்துக்க மாட்டேங்குது."

குரு படியில் உட்கார்ந்து முகத்தை நனைத்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்திக் காட்டினார்.

செவ்வந்தியப்பர் பின்வாங்கினார். தனக்கே வராத வேலை என்று சொல்லிப் பார்த்தார். குரு கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழி? சோப்பு நுரை தடவி, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினார். அழுத்தவே இல்லை. கத்தி தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. குரல்வளைப் பக்கம் வந்ததும் நின்று, பார்த்து, மறுபடி இறக்கினார். கழுவிப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை.

"எப்படி சாமி? அதே கத்தி, அதே கை."

"என் கழுத்துல ஏன் அழுத்தலை?"

"உங்க கழுத்தாச்சே சாமி. மனசு வருமா?"

குரு கத்தியை வாங்கிக் கழுவி, வேட்டி முனையில் துடைத்து மடக்கினார். படியில் வைக்கவில்லை. செவ்வந்தியப்பரின் உள்ளங்கையிலேயே வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"உங்கப்பா கத்தியை மட்டுமா விட்டுட்டுப் போனார்? உங்க கழுத்தும் அவர் கொடுத்ததுதானே."