சேந்தன் பெயரில் ஒரு கார்

ஒரு காட்டில் புலிக்குப் பயந்தவர்களைவிடப் புகைக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். மிருகங்களெல்லாம் கார் ஓட்டுகிற காடு அது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, இது சிரிக்கிற கதையில்லை.

எல்லாம் எண்ணெய் ஊற்றி ஓட்டுகிற பழைய கார்கள். கிளப்பினால் காது கிழியும், பின்னால் கரும்புகை கக்கும். சந்தை நாளில் பாதையோரத்துக் கிளிகள்கூடக் கறுத்துப்போய்க் காக்கை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அங்கே தேனப்பன் என்றொரு கரடி இருந்தான். மலைத்தேன் எடுத்துச் சந்தையில் விற்பது அவன் பிழைப்பு. மாடாய் உழைப்பான். யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டான். ஒரே ஒரு குணம்தான் அவனைப் பிடித்து ஆட்டியது. தன்னிடம் இருப்பதை எவரிடமும் சொல்ல மாட்டான்.

அந்தக் காட்டில் எல்லோரும் தமக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை யானை ராணியின் களஞ்சியத்துக்கு வரியாகக் கொடுக்க வேண்டும். காட்டுத் தீயை அணைப்பதும், குளத்தைத் தூர் வாருவதும், மலைமேல் நாரை வைத்தியர் இலவசமாக மருந்து கொடுப்பதும் அந்தப் பங்கிலிருந்துதான். அன்றாடம் வயிற்றைக் கழுவுகிற ஏழைகளுக்கு மட்டும் வரி கிடையாது.

ஆண்டுக்கொரு முறை ஆமையார் ஓலையும் எழுத்தாணியுமாக வருவார். அவர்தான் வரி மணியக்காரர். அவர் தலையைக் கண்டதும் தேனப்பன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, ஐந்து குடம்கூடத் தேறவில்லை என்று மூக்கைச் சிந்துவான். ஆமையார் அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார். எட்டு வருஷமாக இதே பாட்டு. உண்மையில், விற்றது போக அறுபது குடம் தேன் ஒரு பாறை இடுக்கில் வரிசையாக நின்றது.

இத்தனையும் யாருக்கு என்று கேட்டால், தன் மகள் உமையாளுக்கு என்பான். அது பொய்யில்லை. தாயில்லாத குட்டி. வீட்டில் தனியாக விட மனம் வராமல், போகிற இடத்துக்கெல்லாம் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டே போவான். அங்கேதான் வினையே வந்தது. தினமும் அந்தப் புகையைக் குடித்துக் குடித்து உமையாளுக்கு இருமல் பிடித்தது. இருமல் இழுப்பாக மாறியது. நாலு எட்டு நடப்பதற்குள் நெஞ்சு விம்மி விம்மி அடங்கும்.

நாரை வைத்தியர் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"மருந்து கொடுக்கிறேன். ஆனால் தினமும் அந்தக் காரில் உட்கார்ந்து வந்தால் என் மருந்து என்ன செய்யும்? மழைக்காலத்துக்குள் அந்தப் புகையை விட்டொழி, தேனப்பா. ஈரமும் புகையும் சேர்ந்தால் இவள் நெஞ்சு தாங்காது."

மழைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. காரை விட்டால் பிழைப்பு போய்விடும், விடாவிட்டால் பிள்ளை போய்விடுவாள். தேனப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து யானை ராணி முரசறையச் சொன்னாள். மரங்கொத்திகளின் பட்டறையில் மின்சாரக் கார் செய்கிறார்களாம். எண்ணெய் வேண்டாம், புகை வராது, அருவியடியில் சுழலும் சக்கரத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டால் போதுமாம். விலை நாற்பது குடம் தேன், அல்லது அதற்கு ஈடான கிழங்கோ பருப்போ. புதிதாக வாங்குகிறவர்களுக்கு மூன்று வருஷ வரி தள்ளுபடி. பழைய எண்ணெய்க் கார் ஒன்றை ஒப்படைக்க வேண்டும், வாங்குகிறவர் வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும், ஓலையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வாசலில்தான் கார் நிற்க வேண்டும். முதல் மழை விழுகிற நாளோடு சலுகை முடிந்துவிடும்.

தேனப்பன் உமையாளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினான். பெரிய மரங்கொத்தி அவர்களைப் புதுக் காரில் ஏற்றி, பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. உமையாள் ஜன்னலில் மூக்கை வைத்து நன்றாக மூச்சை இழுத்தாள். இருமல் வரவில்லை.

"அப்பா, கார் ஓடுகிறதா, நிற்கிறதா?" என்று கேட்டாள்.

தேனப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷமே வாங்கிவிடுவதென்று முடிவு செய்தான். நேரே ஆமையாரிடம் போய், தள்ளுபடி ஓலையில் தன் பெயரை எழுதச் சொன்னான்.

ஆமையார் பழைய ஓலைகளைப் புரட்டினார். மெதுவாகத்தான் புரட்டினார், அவருக்கு எதிலும் அவசரமில்லை.

"உனக்கு வரியே இல்லையே, தேனப்பா. இல்லாத வரியை ராணி எப்படித் தள்ளுபடி செய்வார்?"

"தள்ளுபடி போனால் போகட்டும். கார் கிடைத்தால் போதும்."

"ஐந்து குடம் தேறாதவனுக்கு நாற்பது குடம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்க வேண்டியிருக்குமே."

ஆமையார் தேனப்பனையும் பார்த்தார், அவன் தோளில் சாய்ந்திருந்த குட்டியையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கிறது. மறைத்து வைத்ததை முதல் மழைக்கு முன்னால் யார் வந்து சொன்னாலும் ராணி தண்டிக்க மாட்டார். விட்டுப்போன பங்கைக் கட்டினால் போதும். அப்புறம் நீயும் வரி கட்டுகிறவன். காரும் உன் பெயரில் வரும், தள்ளுபடியும் வரும். உன்னிடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்."

தேனப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். விட்டுப்போன பங்கு இருபது குடம் வரும். காருக்கு நாற்பது. பாறை இடுக்கு துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். ஆனாலும் கார் வரும், மகள் பிழைப்பாள், மூன்று வருஷம் வரியில்லாமல் எடுக்கிற தேனில் இடுக்கு மறுபடி நிரம்பும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் எட்டு வருஷமாக இல்லை, இல்லை என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, இருக்கிறது என்கிற ஒரு சொல் வரவில்லை.

"என்னிடம் ஏது, மணியக்காரரே. சும்மா விசாரித்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

வருகிற வழியில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. பக்கத்து வளையில் சேந்தன் என்ற முள்ளம்பன்றி இருந்தான். கிழங்கு தோண்டி விற்கிறவன். கறார் பேர்வழி. வரியில் ஒரு கிழங்கு குறைத்தும் கொடுக்க மாட்டான், ஒரு கிழங்கு கூட்டியும் கொடுக்க மாட்டான். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவனுக்கு வேதம். ஆமையாரின் ஓலையில் அவன் பெயருக்கு நேரே ஒரு கறை கிடையாது.

தேனப்பன் அவனிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னான். தேன் என்னுடையது, பழைய காரும் என்னுடையது, நீ பெயரை மட்டும் கொடு. கார் என் வீட்டில் இருக்கட்டும், மூன்று வருஷத் தள்ளுபடியை நீயே அனுபவித்துக்கொள். பிள்ளைக்காகக் கேட்கிறேன், வெளியே மூச்சு விடாதே.

சேந்தன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். "ஓலையில் யார் பெயர் இருக்கும், அண்ணே?"

"உன் பெயர்தான்."

"சரி" என்றான் சேந்தன்.

நாற்பது குடமும் சேந்தனின் கிழங்குக்கு மாற்றி வாங்கிய தேன் என்று பட்டறைக்குப் போனது. தேனப்பனின் பழைய காரும் சேந்தன் கொடுத்ததாகவே ஒப்படைக்கப்பட்டது. புதுக் கார் நேராகக் கரடியின் குகைக்கு வந்து சேர்ந்தது. மீதி இருபது குடம் பாறை இடுக்கில் பத்திரமாக இருந்தது. ஆமையாரையே ஏமாற்றிவிட்டோம் என்று தேனப்பனுக்கு உள்ளூர ஒரு பெருமை.

இரண்டு மாதம் அந்தக் குட்டி பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? இழுப்பு விட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது. ஒருநாள் தன்பாட்டுக்கு நாவல் மரத்தில் பாதி ஏறிவிட்டாள். கீழே நின்ற அப்பனுக்கு ஆனந்தத்தில் கைகால் ஓடவில்லை.

பிறகு ஒரு நாள் சேந்தன் வந்தான். தள்ளுபடி வாங்கியவர்களின் கார்களை ஆமையார் வாசல் வாசலாக வந்து பார்க்கப் போகிறாராம். கார் தன் வாசலில் நிற்காவிட்டால் வம்பு என்றான். அதுவும் நியாயம்தானே என்று தேனப்பன் சாவியைக் கொடுத்து அனுப்பினான். பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று, கார் திரும்பி வரவில்லை. தேனப்பன் உமையாளைக் கையில் பிடித்துக்கொண்டு சேந்தன் வீட்டுக்குப் போனான்.

போன நேரத்துக்கு ஆமையாரும் அங்கே இருந்தார். காரைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் கரடி மயிர் ஒட்டியிருந்தது. அவர் கண்ணிலா படாமல் போகும்? தேனப்பன் பக்கம் திரும்பினார்.

"தேனப்பா, உன்னையே கேட்கிறேன். இந்தக் கார் யாருடையது? இன்னும் மழை விழவில்லை. யோசித்துச் சொல்."

அவர் ஏன் மழையைப் பற்றிச் சொன்னார் என்பது தேனப்பனுக்கு நன்றாகவே புரிந்தது. இப்போது வாயைத் திறந்தாலும் தண்டனை இல்லை. ஆனால் திறந்தால் மீதி இருபது குடமும் வெளியே வந்துவிடும், இத்தனை வருஷப் பொய்யும் சேந்தன் முன்னாலேயே வெளியே வந்துவிடும். அவன் மென்று விழுங்கிக்கொண்டு நிற்கையில், உமையாள் அவன் கையை இழுத்தாள்.

"இது நம்ம கார்தானே, அப்பா?"

"இல்லைம்மா" என்றான் தேனப்பன். "இது சேந்தன் மாமா கார்."

குட்டி அப்பன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். ஆமையார் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, தேனப்பன் சொன்னதைச் சாட்சியாக எழுதி, ஓலையில் ராணியின் முத்திரையைக் குத்திவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தேனப்பன் சாவிக்காகக் கையை நீட்டினான். சேந்தன் சாவியை எடுக்கவில்லை.

"நீங்களே சொன்னீர்களே, அண்ணே. மணியக்காரர் எழுதி முத்திரையும் போட்டுவிட்டார். இனிமேல் இதை உங்களிடம் கொடுத்தால் நான்தான் பொய்யனாவேன்."

"பிள்ளைக்காக வாங்கியதடா."

"இருக்கலாம். எழுத்தில் அப்படி இல்லையே" என்றான் சேந்தன். கோபமாகச் சொல்லவில்லை. கிழங்கை எண்ணிப் போடுகிற அதே குரலில்தான் சொன்னான்.

தேனப்பன் யாரிடம் போய் முறையிடுவான்? ராணியிடம் போனால் முதலில் தேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீதி இருபது குடத்துக்குப் பாதிக் கார்தான் வரும். பழைய காரும் கையில் இல்லை. வேறு வழியில்லாமல் குரங்குகளின் எண்ணெய் லாரியில் கூலி கொடுத்துத் தேன் ஏற்றினான். உமையாளைக் குடங்களுக்கு நடுவே உட்கார வைத்துக்கொண்டான். அந்த லாரி கக்கிய புகை இருக்கிறதே, அவனுடைய பழைய காரே தேவலை என்றிருந்தது. இருமல் திரும்பி வந்தது.

முதல் மழை ஒரு நண்பகலில் விழுந்தது. லாரியிலிருந்து இறங்கிய உமையாள் மூச்சு விட முடியாமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்தது. தேனப்பன் அவளை வாரித் தூக்கிக்கொண்டு சேந்தன் வாசலுக்கு ஓடினான். கார் இல்லை. சேந்தன் கிழங்கு ஏற்றிக்கொண்டு பக்கத்துக் காட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். தன் காரை ஓட்டிக்கொண்டு போனவனை யார் என்ன சொல்ல முடியும்?

தேனப்பன் மகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினான். சேற்றில் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். வழி நெடுக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனான். பாதி தூரத்துக்கு மேல் அவளிடமிருந்து பதில் வரவில்லை.

நாரை வைத்தியர் அன்றைக்குப் பட்ட பாட்டில் உமையாள் உயிர் பிழைத்தாள். ஆனால் போன மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. இனி இவள் ஓடக் கூடாது, மரம் ஏறவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மரம் ஏறாத கரடிக்குத் தேன் ஏது?

மறுவாரம் தேனப்பன் ஆமையாரிடம் போனான். எட்டு வருஷத்து உண்மையையும் ஒன்றுவிடாமல் சொன்னான். யாரும் கேட்காமலே சொன்னான். ஆமையார் பொறுமையாக எழுதிக்கொண்டார். விட்டுப்போன பங்குக்காக மீதி இருபது குடமும் களஞ்சியத்துக்குப் போக வேண்டும், மழை விழுந்துவிட்டதால் சலுகைக்கு இனி இடமில்லை என்றார். காரைப் பற்றி அவன் சொன்ன சாட்சி முத்திரையோடு இருக்கிறது, அதை இனி மாற்றுவதற்கில்லை என்றார். தேனப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேனப்பன் அழுதாவது தீர்த்திருப்பான். அவர் கேட்கவில்லை. ஓலையைக் கட்டி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த உமையாளைப் பார்த்தார்.

நீதி: கொடுக்க வேண்டிய நாளில் தன் பொருளைத் தன்னுடையதில்லை என்று மறைத்தவன், அது தேவைப்படுகிற நாளில் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் நிற்பான்.