கோமதிக்கு எந்த போன்?

"எதை வாங்கினாலும் வாங்கின கையோட பழசாயிருது, அம்மை. எப்படிப் பாத்து எடுக்கது? எதுதான் சரியான போன்?"

சிதம்பரநாதன் இப்படிக் கேட்டபோது, கூட இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சிவகாமி அம்மை சிரிக்கவில்லை.

பாபநாசத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆற்றங்கரையில் இருக்கிறது அம்மையின் இடம். ஊரார் அதை ஆசிரமம் என்பார்கள். ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், ஒரு கிணறு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலர் வந்து கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். அம்மைக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள்.

சிதம்பரநாதன் அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறவர். மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த போனில் எத்தனை கேமரா, எதில் சார்ஜ் நிற்கும், எது அடுத்த மாதம் வருகிறது எல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருவில் யார் போன் வாங்கினாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

"யாருக்கு வாங்கணும்?" என்றார் அம்மை.

"கோமதிக்குத்தான்."

கோமதி அவருடைய மனைவி. இரண்டு வருடமாக அவளுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு அடுப்பில் வைத்ததை மறந்தாள். பிறகு கிழமை, மாதம் எல்லாம்.

"இப்ப அவங்ககிட்ட போன் இல்லையா?"

"இருக்கு. நல்ல போன்தான். முகத்தைக் காட்டினா தானாத் திறந்துக்கிடும். ஆனா அடுத்து வரப்போறதுல, அவ கீழே விழுந்தா அதுவே எனக்குத் தகவல் சொல்லிரும். அதுக்காகப் பொறுக்கலாமா, இல்ல இப்பவே கிடைக்கற வேற ஒண்ணை வாங்கிரலாமான்னுதான்…"

"கோமதியம்மா என்ன சொல்லுதாங்க?"

"அவகிட்ட என்னத்தக் கேக்க, அம்மை? அவளுக்கு ஒண்ணும் புரியாது."

அம்மை அவரை நேராகப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு அவங்களையும் கூட்டிட்டு வாங்க, ஐயா."

அந்த வாரத்திலேயே ஒருநாள் கோமதி காணாமல் போனாள்.

சிதம்பரநாதன் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது வாசல் கேட் திறந்து கிடந்தது. பூஜை அறையில் இல்லை, கிணற்றடியில் இல்லை. ஈர வேட்டியோடு தெருமுனை வரை ஓடினார். பிறகுதான் போனின் நினைவு வந்தது. வீட்டுக்குத் திரும்பி, அவளுடைய போன் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தைத் தன் போனில் திறந்தார். ஒரு நீலப் புள்ளி பஸ் ஸ்டாண்டில் நின்றது.

ஆட்டோவில் போய் இறங்கினார். தென்காசி பஸ் நிற்கும் இடத்தில், சிமெண்ட் பெஞ்சில் கோமதி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அதன் மேல் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் அவள் முகம் மலரவில்லை. உதடு துடித்தது.

"எவ்வளவு நேரமா கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். எடுக்கவே மாட்டேங்கிய."

"நீ கூப்பிடவே இல்லையே, கோமதி."

"கூப்பிட்டேன்."

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். ஓர் அழைப்புகூட வந்திருக்கவில்லை. அதை அவளிடம் காட்டினார். அவள் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அம்மையிடம் போனார்கள். மற்றவர்கள் கிளம்பும்வரை சிதம்பரநாதன் காத்திருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரலில் ஒரு தெம்பு வந்தது.

"போன் இருந்ததாலதான் அம்மை, அவ கிடைச்சா. நீங்களே சொல்லுங்க. பழைய போனா இருந்தா நான் எங்கே போய்த் தேடியிருப்பேன்?"

"உண்மைதான்" என்றார் அம்மை. "அது நல்ல போன்."

"அதனாலதான் வரப்போறதையும் வாங்கிரலாம்னு பாக்கேன். அது இன்னும் துல்லியமாக் காட்டுமாம்."

"நீங்க அவங்களைக் கண்டுபிடிச்சுட்டீங்க."

"ஆமா."

"அவங்க உங்களைத் தேடினாங்களே. அவங்க கண்டுபிடிச்சாங்களா?"

சிதம்பரநாதன் கோமதியைத் திரும்பிப் பார்த்தார்.

கோமதி எதையும் கவனிக்காமல் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அம்மையின் பக்கம் திரும்பினாள்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

"இந்த ஊருதாம்மா."

"கல்யாணம் ஆயிட்டா?"

"இல்லம்மா."

"ஆயிரும்" என்றாள் கோமதி, ஆறுதலாக.

சிதம்பரநாதன் பதறிவிட்டார். "ஏ கோமதி, அம்மை சந்நியாசி…"

அம்மை அவரைக் கையமர்த்தினார். சிதம்பரநாதன் தலை குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"பயமா இருக்கா, ஐயா?"

"ஆமா, அம்மை. அவ ஒவ்வொண்ணா விட்டுட்டே வாரா. நான் ஒவ்வொண்ணா வாங்கிட்டே இருக்கேன். வேற என்ன செய்யன்னு தெரியல."

அம்மை கோமதியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த போனின் மேல் கோமதியின் கட்டைவிரல் ஓயாமல் போய்ப் போய் வந்தது. கண்ணாடித் திரையின் அடியில், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் அழுத்தியது. திரும்பவும் அழுத்தியது.

அம்மை எழுந்தார். ஆற்றுக் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஜன்னல் கதவுக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருந்தார்கள். தட்டையான துண்டு, உள்ளங்கை அளவு. அதை உருவி முந்தானையில் துடைத்தார். கோமதியின் எதிரில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கிக்கொண்டு மரத்துண்டைக் கொடுத்தார்.

"அம்மா, ஐயாவைக் கூப்பிடுங்க."

சிதம்பரநாதனுக்கு முகம் சுருங்கியது. தன் மனைவியை வைத்து இப்படி ஒரு விளையாட்டா என்று நினைத்தார்.

கோமதி மரத்துண்டை வாங்கினாள். அவளுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. கட்டைவிரலால் அதன் அடியில், நடுவாக, அழுத்தமாக ஓர் அழுத்து. விரலை எடுத்தாள். இடது பக்க மேல் மூலையில் லேசாக ஒரு தொடுதல். ஒரு நொடிகூட அவள் தயங்கவில்லை. துண்டைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ரிங் போகுது" என்றாள் அம்மையிடம், தணிந்த குரலில்.

ஜன்னல் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது.

"எடுக்க மாட்டேங்காக" என்றாள் கோமதி. அவள் முகம் வாடத் தொடங்கியது.

அம்மை திரும்பிச் சிதம்பரநாதனைப் பார்த்தார்.

அவர் கையைத் தூக்கினார். வெறும் கையைக் காதோடு சேர்த்துக்கொண்டார்.

"சொல்லு, கோமதி."

அவள் முகம் விரிந்தது. அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

"எங்க இருக்கிய?"

"இங்கதான் இருக்கேன்."

"சீக்கிரம் வாங்க. நான் யாரோ ஒரு பொண்ணு வீட்டுல உக்காந்திருக்கேன். நல்ல பொண்ணு."

"வாரேன்" என்றார் சிதம்பரநாதன்.

கோமதி மரத்துண்டை இறக்கி மடியில் வைத்தாள். "வாராக" என்று அம்மையிடம் சொல்லிவிட்டு மறுபடி ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோமதி அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அடியில் நடுவாக ஒரு வட்டப் பொத்தான். அழுத்தினால் திரை திறக்கும். இடது மேல் மூலையில் அவருடைய படம்; தொட்டால் அவருக்கு ரிங் போகும். அவளுக்கு முதன்முதலாக வாங்கிக் கொடுத்த போன் அது. படத்தை அந்த மூலையில் வைத்தவர் அவர்தான். அவளுக்கு எல்லாம் நினைவிருந்த காலத்தில் பல வருடம் அதை வைத்திருந்தாள். கடைக்குப் போனால் கூப்பிடுவாள். அவர் ஆபீசில் இருக்கும்போது சாப்பிட்டாச்சா என்று கூப்பிடுவாள். அதற்குப் பின்னால் பெரிய திரை என்று ஒன்று வந்தது, பொத்தானே இல்லாமல் ஒன்று வந்தது, முகம் பார்த்துத் திறப்பது வந்தது. ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் அவள் தலையாட்டினாள்.

மறுநாள் வீட்டில் இருந்த இழுப்பறை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார். அந்த போன் இல்லை. புதியது வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்பாசமுத்திரத்தில் இருந்த கடைகளில் எல்லாம் கேட்டார். இவரிடமே யோசனை கேட்டு போன் விற்கும் கடைக்காரர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். "நீங்களா சார் இதைக் கேக்கிய?" என்றார் ஒருவர். கல்லிடைக்குறிச்சிக்குப் போனார். தென்காசிக்குப் போனார். அங்கே மார்க்கெட் பக்கம் பழைய போன் வாங்கி விற்கும் காஜா மைதீன் என்பவர் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தார். அதில் அதே மாதிரி ஒன்று கிடந்தது.

"இந்த மாடலைத் தேடி யாரும் வாரதில்ல, சார். உடைச்சு உள்ளே இருக்கதை எடுக்கத்தான் வச்சிருக்கேன்."

"இதுல பேச முடியுமா?"

"பேசலாம். வேற ஒண்ணும் ஓடாது. பேட்டரி வேற மாத்தித் தாரேன். ஆனா உள்ளே எல்லாம் பழசு. என்னைத் திட்டக்கூடாது."

சிதம்பரநாதன் அதை வாங்கிவந்து புது சிம் ஒன்றைப் போட்டார். தன் படத்தை இடது மூலையில் வைத்தார். மற்ற எல்லாவற்றையும் திரையிலிருந்து எடுத்துவிட்டார். கோமதியின் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல், அடுக்களைக்குப் போய் நின்றார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தார். அப்போது அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது.

"எங்க இருக்கிய?"

"அடுக்களையில."

"சரி."

பத்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. "எங்க இருக்கிய?" "இங்கதான், அடுக்களையில." "சரி."

வரப்போகிறது, வரப்போகிறது என்று அவர் காத்திருந்த புதிய போன் அந்த வாரம்தான் வெளியானது. அறிமுக விழாவை யூடியூபில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் ஒருவர் கையில் போனைத் தூக்கிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கோமதி அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாள். எடுத்துப் பேசினார். மேடையில் இருந்தவர் என்ன சொன்னார் என்பது தெரியவில்லை. பின்னால் தள்ளிப் போட்டுப் பார்ப்பதற்குள் மறுபடி கூப்பிட்டாள். அப்புறம் அவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் ஒருமுறை கூப்பிட்டாள். அதையும் எடுத்தார்.

அடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். கோமதி படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கையில் பழைய போன் இருந்தது. தோளில் மாட்டியிருந்த பையில், ஜிப் போட்ட அறைக்குள், முகம் பார்த்துத் திறக்கும் போனும் இருந்தது.

"அது நான் அவளைத் தேடுததுக்கு" என்றார் சிதம்பரநாதன். "கையில இருக்கது, அவ என்னைத் தேடுததுக்கு."

அம்மை தலையசைத்தார்.

சிதம்பரநாதன் சொல்ல வந்தது முடியவில்லை என்பது தெரிந்தது. தோளில் கிடந்த துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு கேக்கணும், அம்மை."

"கேளுங்க."

"இப்ப ராத்திரி பகல்னு பாக்காம கூப்பிடுதா. சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா கடைக்காரர் சொல்லிட்டாரு. மிஞ்சிப்போனா ஒரு வருஷம்தான் ஓடுமாம். அப்புறம் ரிப்பேர் பண்ண முடியாது. இதே மாதிரி இன்னொண்ணும் கிடைக்காது." "நல்லதா ஒண்ணு வாங்காம, போயும் போயும் ஒரு வருஷம் ஓடுத போனை வாங்கிக் கொடுத்திருக்கேன்."

அம்மை படித்துறைப் பக்கம் பார்த்தார். கோமதி போனைக் காதில் வைத்திருந்தாள். சிதம்பரநாதனின் சட்டைப்பை அதிர்ந்தது.

"ஒரு வருஷம் அவங்க கூப்பிடுவாங்க, ஐயா" என்றார் அம்மை. "எடுங்க."