மீன்முள் சட்டம்

வெகு காலத்துக்கு முன்னால் வேலங்கரை என்ற கடலோர நாட்டை வச்சிரபாகு என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்றால், மூன்று வேளை சாப்பிட்டார், இடையிடையே சட்டம் போட்டார். ஒருநாள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேசியதில் மீன்முள் அவர் தொண்டையில் குத்திவிட்டது.

"மகாராஜாவுக்கே இந்தக் கதி என்றால் நம் குடிகளின் பிள்ளைகள் என்ன ஆவார்கள்!" என்று கண்ணைக் கசக்கினான் மந்திரிக்கு அடுத்த பதவியிலிருந்த தானாபதி குமாரசிங்கன். மந்திரி அறவாழியின் நாற்காலிமேல் வெகுநாளாகக் கண் அவனுக்கு. அன்றைக்கே சட்டம் வந்தது. பிள்ளைக்கு முள்மீன் ஊட்டினால் பிள்ளையைப் பறித்து அரண்மனையில் வளர்ப்பார்களாம்!

முதலில் மாட்டியவள் காத்தாயி. மீன்பிடிக்கிறவன் பெண்டாட்டி வேறு எதை ஊட்டுவாள்? மூன்று வயது மகள் சிட்டுவைச் சேவகர்கள் தூக்கிப் போக, சோற்றுச் சட்டியோடு அவர்கள் பின்னாலேயே சபைக்கு ஓடினாள்.

"பெற்றால் போதுமா? பொறுப்பு வேண்டாமா?" என்றான் குமாரசிங்கன்.

"பொறுப்பில்லாமலா சாமி இத்தனை நாளு வளர்த்தேன்?"

மந்திரி அறவாழி எழுந்தார். தனக்காகப் பேசுவார் என்று காத்தாயி நம்பினாள். அவரோ, "மகாராஜா, இந்தச் சட்டம் போதாது" என்றார்.

"முள் ஒன்றுதானா ஆபத்து? இவ்வளவு அக்கறையுள்ள தானாபதியே இந்தப் பிள்ளையை நம் கண்ணெதிரே வளர்த்துக் காட்டட்டும். அவர் கையில் பிள்ளைக்கு ஆபத்து வந்தால், அவர் பிள்ளைகளையும் அரண்மனைக்குக் கொண்டுவந்துவிடலாம்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். "அப்படியே ஆகட்டும்!"

சிட்டு பசியில் வீறிட்டாள். குமாரசிங்கன் பால் கேட்டான்.

"புரையேறுமே" என்றார் அறவாழி.

பழம் வந்தது. "விக்குமே."

பிள்ளையை இறக்கிவிடப் பார்த்தான். "தூணில் முட்டிக்கொள்வாளே!"

பாவம், தேசத்துப் பிள்ளைகளையெல்லாம் காக்க வந்த மகான், ஒரே ஒரு பிள்ளையை எட்டப் பிடித்துக்கொண்டு விழித்தான். பிள்ளை அவன் பட்டு அங்கவஸ்திரத்தை நனைத்துவிட்டது.

ராஜா காதைப் பொத்திக்கொண்டார். "எதையாவது கொடுத்துத் தொலையேன்!"

"கொடுக்கிறேன் மகாராஜா. ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றான் குமாரசிங்கன்.

ராஜா தானாபதியைப் பார்த்தார். தானாபதி ராஜாவைப் பார்த்தான்.

"நான்தான்" என்றாள் காத்தாயி. "என்னிக்கும் நான்தானே?"

பிள்ளையை வாங்கிக்கொண்டு சபை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சட்டியிலிருந்த மீனைப் பிட்டு, முள்ளை எடுத்து, விரலால் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து ஊட்டினாள். சிட்டு அழுகையை நிறுத்தி மென்றாள்.

"உனக்குப் பயமாக இல்லையா?" என்று கேட்டார் ராஜா.

"பயந்தான் சாமி. அதனாலதான் கை தடவிப் பார்க்குது. உங்க சட்டத்துக்குக் கை இருக்கா?"

ராஜாவின் முகம் சிறுத்துப் போனது. சட்டத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். அறவாழிக்குச் சால்வை போர்த்தினார், சிட்டுவுக்குத் தங்கக் காப்பு போட்டார். குமாரசிங்கனின் பதவியைப் பிடுங்கி, "போய் உன் பிள்ளைகளுக்குத் தினமும் உன் கையால் ஊட்டு" என்று விரட்டினார்.

சோற்றுத் தட்டோடு அவன் போய் நின்றபோது, அவன் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்டார்களாம்.